பதினெட்டுக் குழியில் இடம் பத்தாது

மாமா,

இன்று மதியம் உங்கள் பேத்தி மோட்டார் கொட்டகையிலிருந்து அந்தக் கையுறையை இழுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளையாக இருந்த தோல் இப்போது வரப்பு மண்ணின் நிறத்தில் இருக்கிறது. வாங்கி மோந்து பார்த்தேன். வெட்டிய கருவை முள்ளின் காட்டமும் உங்கள் பீடியும் இன்னும் போகவில்லை. "தாத்தா கை" என்றாள். ஒரு விரல் உறைக்குள்ளேயே அவளுடைய பாதிக் கை அடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் மூத்த பிள்ளையும் பாரீஸிலிருந்து போனில் கூப்பிட்டார்.

கொஞ்ச நாளாக எனக்கு இதுதான் வேலை மாமா. பிரான்சுக் கடற்கரையில் எந்தெந்தக் கோல்ப் மைதானம் நல்லது என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். ஆடியில் விடுமுறையாம். அவரும் பாரீஸ் கூட்டாளிகளும் ஊர் ஊராகப் போய் ஆடுவார்களாம். உங்கள் இளைய பிள்ளை, நான், பாப்பா, எங்கள் மூவருக்கும் அவரே டிக்கெட் போடுகிறார். அதனால் மைதானம் பார்க்கிற பொறுப்பு என் தலையில். "நீதான் காலேஜ்ல பிரெஞ்சு படிச்சவளாச்சே. வீட்ல சும்மாதான இருக்க" என்றார். உங்கள் பேத்தியோடு ஒரு பொழுது இருந்து பார்த்தால் சும்மா என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும்.

பார்த்தேன். ஒரு மைதானம் தன்னிடம் கடல் காற்று வீசுவதாகப் பீற்றிக்கொள்கிறது. நம் கோட்டுச்சேரிமேட்டில் அதே காற்றில்தான் வலை காய்கிறது, யாரும் காசு கேட்பதில்லை. இன்னொன்றில் காலர் வைத்த சட்டை இல்லாமல் புல்லில் கால் வைக்கக் கூடாதாம். இடுப்புத் துண்டோடு விளைய வைத்த உங்களை அவர்கள் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். மூன்றாவது ஊசியிலை மரக்காட்டுக்குள் இருக்கிறது, அங்கே சின்னக் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அதை உங்கள் மூத்த பிள்ளையிடம் சொன்னேன். "நீயும் பாப்பாவும் ரூம்ல இருந்துக்குங்க" என்றார். குளிர்காற்று பட்டாலே மூச்சு இழுக்கிற பிள்ளையை அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு போய் ஓர் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் இருந்தால் என்னையும் கேலி செய்யாமல் விட்டிருக்க மாட்டீர்கள். "புள்ளைய பஞ்சுல சுத்தி பீரோவுல வச்சிப் பூட்டிடு மருமவளே" என்பீர்கள். மருந்து கொடுக்கும்போதெல்லாம் சொல்வீர்கள். கோபம் வரும். ஆனால் இழுப்பு வந்த இரவுகளில் வாசலில் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததும் நீங்கள்தான்.

அந்தக் கோல்பை உங்களுக்கு அறிமுகப்படுத்த மூத்தவர் வந்த நாள் நினைவிருக்கிறதா? பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பறந்தவர், சனி பிடித்திருக்கிறது என்று எவனோ சொன்னதும் பயந்து ஓடி வந்தார். திருநள்ளாற்றுக் குளத்தில் முழுக்குப் போட்ட ஈரம் காய்வதற்குள் நம் ஊர் குரும்பகரத்துக்கு வந்து, அறுப்பு முடிந்த வயலில் தடியை வைத்து அடித்துக் காட்டினார். முதல் பந்து வாய்க்காலோடு போனது.

"பதினெட்டு குழி இருக்கும்பா" என்றார்.

நம் பக்கம் நிலத்தை மாவிலும் குழியிலும்தானே அளப்பது. நீங்கள் நம்பாமல் அவரைப் பார்த்தீர்கள். "பதினெட்டு குழிதானா? மாட்டுக் கொட்டாய் போடவே பத்தாதேடா. இதுக்குப் போகவா கப்பலு மாரி காரு வச்சிருக்க?"

"அய்யோ அப்பா, நெலக் குழி இல்ல. பந்து விழற ஓட்டை."

"எலி வளைன்னு சொல்லு. நம்ம வரப்பு பூரா கெடக்கு, எண்ணிக்க."

அவர் விட்டுப் போனது இந்த ஒற்றை உறை. இன்னொரு கைக்குத் தேடினீர்கள், போனில்கூடக் கேட்டீர்கள். ஒரு கைக்குத்தான் போடுவார்கள் என்று அவர் சிரித்ததும் "அரை மனுசன் ஆட்டம்" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினீர்கள். ஆனாலும் எறியவில்லை. வலக்கையில் அரிவாள், முள்ளைப் பிடிக்க இடக்கை. "நல்லவேளை, இடக்கை உறையத்தான் விட்டுட்டுப் போயிருக்கான். அவனால ஆன ஒரே உபயோகம்."

நீங்கள் போன அன்று விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றார். நம்பினேன். பாடை எழும்பும்போது அவர் வீடியோவில் பார்க்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தது நான்தான். அவர் முதுகுக்குப் பின்னால் சீராக வெட்டிய புல்லும் ஒரு கம்பத்தில் சின்னக் கொடியும் தெரிந்தன. அழுதார்தான். யாரோ கூப்பிட்டதும் திரும்பியும் பார்த்தார்.

இன்று அவர் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் மேல். உங்கள் தலைத் திவசம் அந்த விடுமுறை வாரத்தில்தான் வருகிறது. ஞாபகப்படுத்தினேன். "அதான் அங்கயே கடல் இருக்கே. காலையில எள்ளும் தண்ணியும் எறச்சிட்டு நேரா ஆடப் போயிடலாம். அதுக்கு தோதா கடலோரமா ஒண்ணு பாத்து வையி."

ஆக, உங்களுக்கு எள் இறைக்கவும் நான்தான் மைதானம் பார்க்க வேண்டும்.

உங்கள் இளைய பிள்ளையைப் பார்த்தேன். "அண்ணன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. கடல் ஒண்ணுதான" என்றார், தரையைப் பார்த்து. கொள்ளி வைத்தவர் அவர். அண்ணன் சொல்லை ஒருநாளும் தட்டாதவரும் அவர்தான். நான் வாய் திறந்தால் இருவருக்கும் நடுவில் சுவர் எழும்பும், பழி என் மேல் விழும் என்று பயந்தேன். அப்போதுதான் பாப்பா அந்த உறையைத் தூக்கி, "இன்னொரு கை எங்கப்பா?" என்று அவரிடம் கேட்டாள். நீங்கள் கேட்ட அதே கேள்வி.

போனை எடுத்து உங்கள் மூத்த பிள்ளைக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "அத்தான், பதினெட்டு குழியில மாமாவுக்கு எடம் பத்தாது. நம்ம காரைக்கால் கடல்லயே குடுத்துக்குறோம். நீங்க வர்றதா இருந்தா வாங்க. காலர் சட்டை வேணாம், துண்டு போதும்."

கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. விளக்கை அணைக்கும்போது உங்கள் இளைய பிள்ளை, "தெவசத்துக்கு அய்யருக்கு நானே சொல்லிடுறேன்" என்றார்.

அவர்கள் தூங்கிவிட்டார்கள். பாப்பாவின் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். பயம் போகவில்லை மாமா. ஆனால் பேசும்போது என் மூக்கிலிருந்து ஓர் ஏளனச் சிரிப்பு வந்தது. அது என்னுடையது இல்லை, உங்களுடையது.

உறையைத் துவைக்கவில்லை. வடக்கு வரப்பில் கருவை மண்டிக் கிடக்கிறது. காலையில் உங்கள் இளைய பிள்ளை வெட்டப் போகிறாராம். இடக்கைக்கு எடுத்து அரிவாள் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.