சிவப்புப் புள்ளியும் கத்திரிக்காய் மீனும்

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

கடலுக்குள் தபால் போகாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டது. சுங்கச் சாவடியில் இப்போது மூட்டையைப் பிரிக்கச் சொல்ல ஆளில்லை. இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தீர்களே, உங்களை என்னவென்று திட்டுவது? காற்று சரியில்லை, போகாதீர்கள் என்று அக்கா அன்றைக்கு எத்தனை தரம் சொன்னாள்!

நீங்கள் போன அன்று அடித்த புயல் ஓய்ந்தபின் பட்டினச்சேரிக் கரையில் ஒரு பாய்மரத் துணி கிழிந்து ஒதுங்கியது. அந்தப் புயலில் பாயைப் பறிகொடுத்தவர்கள் பலர். எல்லாப் பாயும் ஒரே அண்டாவில் மரப்பட்டைச் சாயம் ஏறியவைதானே, யாருடையது என்று எப்படிச் சொல்வது? சாயம் ஏறுமுன் உங்கள் புதுப் பாயின் மூலையில் அக்கா விளக்குக்கரியைக் குழைத்துப் போட்ட குறியும் சாயத்துக்குள் மறைந்துபோயிருந்தது. "மீனு வரையச் சொன்னா கத்திரிக்காய வரஞ்சு வச்சிருக்கா பாரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா?

ஊர்த் தலைவரான நாட்டார், உங்களுக்குக் காரியம் செய்துவிடலாம் என்றார். அக்கா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எங்குறிய கண்ணால பாக்காம நான் கழட்ட மாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் என் ஸ்டுடியோவில் கிடந்த இன்ஃப்ராரெட் ஃபிலிம் ஞாபகம் வந்தது. நெரவி வயல்களில் நெற்பயிர் நோயைப் படம் எடுக்க வந்த பிரெஞ்சு அதிகாரி விட்டுப்போன சுருள். இரண்டு படத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அது படம் பிடிக்கும். அந்த ஒளிக்குப் பட்டைச் சாயம் ஒரு மறைப்பே இல்லை; கரி மட்டும் கறுப்பாக விழும்.

துணியை வெயிலில் சுவரோடு சேர்த்து ஆணி அறைந்து, இழை இழையாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய்தேன். பிறகு அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் இருண்ட ஃபில்டரை மாட்டி எடுத்தேன். இருட்டறையில் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் வெட்டிக் கழுவிப் பிரிண்ட் போட்டேன்.

ஒரே கலங்கல். அக்கா அதைப் பார்த்து, "இது எங்குறியே இல்லடா தம்பி! வெறுங்கறை!" என்றாள். எத்தனை நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு! நாட்டாரும், "சரி, பொறுத்துப் பாப்போம்" என்று கிளம்பினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லென்ஸ் வளையத்தருகே ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. நாம் பார்க்கும் ஒளி கூடும் இடத்தில் இந்த ஒளி கூடாது, சற்றுத் தள்ளித்தான் கூடும். அதனால் கண்ணால் ஃபோகஸ் செய்தபின், வளையம் காட்டும் தூரத்தை அந்தப் புள்ளிக்கு நேராகத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் திருப்பவில்லை. இனித் திருப்பி மறுபடி எடுத்தால் அக்காவின் சிரிப்பு போய்விடலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் மச்சான்?

"என்னடா, பேயறஞ்ச மாரி நிக்கிற?" என்றாள் அக்கா.

"லென்ஸ இன்னுங் கொஞ்சம் திருப்பணுங்க்கா. தப்பா வச்சுட்டேன்."

அக்கா சுவரிலிருந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "திருப்புடா" என்றாள். "தெனம் கடலப் பாத்துப் பாத்துச் சாவ முடியாது என்னால."

மயிரிழை அளவுதான் திருப்பி, மிச்சமிருந்த ஒரு படத்தையும் எடுத்தேன். என் மூச்சுக்குக் கேமரா அசைந்துவிடுமோ என்று பயம். பிரிண்ட் போடும்போது, வேறு யார் குறியாவது இருக்கட்டும் தாயே என்று வேண்டினேன். பாவம், அந்த வேறு யாருக்கும் ஒரு வீடு இருக்குமே என்றுகூடத் தோன்றவில்லை. தட்டில் தாள் கறுக்கத் தொடங்கியது. முதலில் வால். பிறகு பருத்த வயிறு.

அக்கா ஈரத் தாளைக் கையில் வாங்கினாள்.

"கத்திரிக்கா" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சாயங்காலம் கரைக்குப் போவதை விட்டுவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தனியாக விட மாட்டேன், இது சத்தியம். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறேன். இனி எவனாவது அதைக் கத்திரிக்காய் என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன். அது மீன்தான் மச்சான். செதில்கூடப் போட்டிருக்கிறாள். நீங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை.

சண்டை போட ஆளில்லாமல் நிற்கும்
உங்கள் மச்சினன்,
முருகையன்