வாய் உடைந்த மடக்குக்கத்தி

மார்ச் 1, ஞாயிறு

பீரோவின் கீழ் இழுப்பறை மறுபடி சிக்கிக்கொண்டது. வீட்டில் யாரும் இல்லை. மேசைமேல் மகளின் கணவருடைய மடக்குக்கத்தி இருந்தது. அதை இடுக்கில் செருகி நெம்பினேன். இழுப்பறை திறக்கவில்லை. கத்தி வாய் உடைந்தது. முனைக்குச் சற்று முன்னால், அரை அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். உடைந்த துணுக்கைத் தரையில் தேடி எடுத்தேன். எடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி தரையிலேயே போட்டுவிட்டேன்.

அவர்கள் வாடகை வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வாரமாக இங்கே இருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம். நான் அதிகாரி மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். மகள் சோபா தைப்பவரைத் தேடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவரும் நானும் நேரில் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வோம். அவள் தபால் நிலையம்.

கத்தியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 2, திங்கள்

காலையில் அவர் பொதுவாக அறையைப் பார்த்துக் கேட்டார்: "என் கத்திய யாராவது பாத்தீங்களா?" வேலைக்கு வேறு கத்திகள் உண்டாம். துணியைக் கீறி எடுக்க இதுதான் கைக்கு வாகாம்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க பாத்தீங்களா?"

"எந்தக் கத்தி?" என்றேன்.

இந்த வீட்டில் இருக்கும் மடக்குக்கத்தி ஒன்றே ஒன்று. பேப்பரில் ஒரே பக்கத்தை இருபது நிமிடம் படித்தேன். என்ன போட்டிருந்தது என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் சாணை பிடிப்பவரிடம் போனேன். கத்தியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதை வெட்டுனீங்க சார்?"

"பீரோ."

அவர் சிரிக்கவில்லை. "மெஷின்ல வச்சா ஒரு நிமிஷ வேலை. ஆனா மெல்லிசான அலகு, சூட்டுல நீலம் பாஞ்சிடும். அப்புறம் வெண்ணெயக்கூட வெட்டாது. கல்லுல தண்ணி விட்டு கையாலதான் தேய்க்கணும். பள்ளம் மறையற வரைக்கும் மொத்த வாயையும் இறக்கணும். எனக்கு அவ்வளவு நேரம் இல்ல."

எனக்கு இருக்கிறதா? சொரசொரப்பான கல் ஒன்று, வழவழப்பான கல் ஒன்று வாங்கினேன். சாப்பாட்டுப் பையில் வைத்துப் பத்திரப்பதிவு ஆபீசுக்குள் கொண்டுபோனேன். பக்கத்து மேசைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுச் சாப்பாடு பலமா?" என்றார்.

மார்ச் 4, புதன்

அரை நாள் விடுப்பு. காரணம்: வயிற்று வலி. முப்பத்தொரு வருட வேலையில் நான் எழுதிக்கொடுத்த முதல் பொய்.

மற்ற மூவரும் வெளியே. பின்பக்கம் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து தேய்த்தேன். வாய் ஓரம் முழுக்கப் பேனா மையால் கோடு போட்டுக்கொண்டேன். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது என்று அர்த்தம். சாணைக்காரர் சொன்ன உபாயம். எனக்கு மை எங்கும் ஒரே சீராக அழியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பள்ளம் கால் அரிசி ஆனது.

மார்ச் 5, வியாழன்

மறுபடி வயிற்று வலி. சீக்கிரம் வந்ததற்கு வீட்டிலும் அதையே சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

முடிந்தது. பள்ளம் இல்லை. வழவழப்பான கல்லில் தேய்த்து, பழைய பெல்ட்டில் இழுத்து, பேப்பரை வெட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் வெட்டியது. எனக்கே கொஞ்சம் கர்வம்.

மடக்கும்போது முனை பிடிக்கு மேலே துளி எட்டிப் பார்க்கிறது. பள்ளம் இருந்த இடத்தில் அதிகம் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது. முனை முதுகுப் பக்கம் ஏறிவிட்டது. ஒரு நூல் அளவுதான். பரவாயில்லை.

கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய வேலைக் கால்சட்டையில், வலது பையில் போட்டுவிட்டேன். இத்தனை நாளும் அங்கேயே இருந்ததுபோல.

மார்ச் 7, சனி

பரவாயில்லை என்று எழுதியிருக்கிறேன். நேற்று. என் கையெழுத்துதான்.

காலையில் அவர் பைக்குள் கை விட்டார். வலது ஆள்காட்டி விரல். மூன்று தையல். பத்து நாள் ஊசியோ நூலோ தொடக் கூடாதாம். மருத்துவமனை ஒன்றுக்குப் பன்னிரண்டு நாற்காலிக்கு உறை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கெடு பதினாறாம் தேதி. அவருடைய பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை இது.

யார் கேட்டாலும், "நான்தான் பாக்காம கைய விட்டுட்டேன்" என்றே சொல்கிறார். என் மனைவி அவருக்குச் சோறு பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். இடது கையால் சாப்பிட்டார். பாதி கீழே சிந்தியது. நான் எதிரே உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஏன்டா, அடுத்தவன் பத்திரத்துல தப்பு கண்டுபிடிச்சே முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினியே, உன் தப்பு மட்டும் ஒரு நூல்தானா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல என்ன கேடு உனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மகள் குளிக்கப் போயிருந்த நேரம். தபால் நிலையம் இல்லாமல் இதுதான் முதல் தடவை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "பீரோ இழுப்பறை சிக்கிடுச்சு" என்று தொடங்கினேன்.

"தெரியும் மாமா" என்றார்.

"இழுப்பறையா?"

"கத்தி. நேத்து மருந்து கட்டிட்டு வந்து தொறந்து பாத்தேன். அலகு ஒரு பக்கம் ஒல்லியா இருந்துச்சு. துவைக்கிற கல்லு ஓரத்துல சாம்பல் கலர்ல சேறு. வயித்து வலிக்காரர் நகமெல்லாம் கறுப்பு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நாமதான் பேசிக்கறதில்லையே."

மன்னிப்பு கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை, இருமல் மாதிரி வந்தது. அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லாமல் இல்லை. "நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா உடைஞ்ச கத்தியோடயே வேலை பாத்திருப்பேன் மாமா. விரல் தப்பிச்சிருக்கும்" என்றார். சரிதான்.

பிறகு கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். இனி வாயைத் தொடக் கூடாதாம். முதுகுப் பக்கத்தில் முனையை ஒட்டித் தேய்த்து இறக்க வேண்டுமாம். அவர் கட்டுப்போட்ட விரலால் காட்ட, நான் தேய்த்தேன். பத்து தேய்ப்புக்கு ஒரு தடவை மடக்கிப் பார்த்தோம். முனை உள்ளே போய்விட்டது. நான் தடவிப் பார்த்தேன். அவரும் பார்த்தார், இடது கையால்.

"நாற்காலிய என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஆள் தேடணும்."

மார்ச் 9, திங்கள்

பதினாறாம் தேதி வரை விடுப்பு. காரணம்: குடும்ப வேலை. அதிகாரி, "வயிறு சரியாயிடுச்சா?" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

பட்டறையில் பழைய உறையைக் கழற்றுவது என் வேலை. தையல் மிஷினுக்கு மகள். புது உறையை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பதும் நான்தான். மூலையில் இரண்டு மடிப்பு வர வேண்டும். எனக்கு ஐந்து வந்தது. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "கழட்டிடுங்க மாமா" என்றார். கழற்றினேன். மறுபடி நான்கு. மறுபடி "கழட்டிடுங்க." ஆபீசில் நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். இவ்வளவு மரியாதையாக அனுப்பியதில்லை.

மார்ச் 12, வியாழன்

ஐந்து நாற்காலி ஆயிற்று. முதுகு ஒடிகிறது. மருத்துவமனை ஆள் வேலையைப் பார்க்க வந்தார்.

"புது ஆளா?"

"மாமனார்" என்றார் மாப்பிள்ளை.

"கொஞ்சம் மெதுவா இருக்காரே."

"புதுசுதானே. பழகிடுவாரு."

மார்ச் 14, சனி

மனைவி என் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "ரெண்டு வருஷமா முகத்தத் திருப்பிக்கிட்டு, இப்ப ஆணி அடிக்கறதப் பாரு" என்றாள். தேய்க்கிற கையை மட்டும் நிறுத்தவில்லை.

மார்ச் 16, திங்கள்

பன்னிரண்டையும் மருத்துவமனையில் இறக்கினோம். பதினொன்று நன்றாக இருந்தன. ஒன்று நான் முதலில் செய்தது. அதைச் சுவர் ஓரமாகப் போட்டார் மாப்பிள்ளை. அவருக்கு அங்கேயே தையல் பிரித்தார்கள். விரல் மடங்குகிறது. நுனியில் மட்டும் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறதாம். போகப் போகச் சரியாகலாம் என்றார் டாக்டர். "லாம்" என்றால் என்ன என்று நான் கேட்டேன். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கூரை சரிசெய்தாயிற்றாம். பெட்டிகளை ஏற்றிவிட்டேன். சாயங்காலம் மனைவி நான்கு தட்டு எடுத்து, இரண்டைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனேன். இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவை. படியேறும்போதே ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்: இந்தப் பக்கம் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது, அப்படியே வந்தேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். "வாங்க மாமா, சாப்பிடத்தான் உக்காரப் போறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தார்.

ஏன் வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் வீணாகப் போயிற்று.