சிரித்தால் இருமுவான், இருமட்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே நன்றாக இருக்கிறோம். மூன்று பேரும் என்று அழுத்தி எழுதியிருக்கிறேன், தாளைத் தடவிப் பார்த்தாலே தெரியும், ஒரு ஆளை மறைத்துவிட்டு எழுதவில்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் உடனே அப்படி இருக்க ஆரம்பி. போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. அதுவும் போக, நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தம்பி காதில் விழும். போன வாரம் நீ, வேலைய விட்டுடறேம்மா, ராஜினாமா எழுதி வச்சுட்டேன், மாசக் கடைசில வீட்டுக்கே வந்துடறேன், தம்பிய நானே பாத்துக்கறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதாய். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான், அதனால் நானும் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அந்தச் சரி செல்லாது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், மாசக் கடைசிக்கு முன்னால் வந்துவிடும் என்று தபாலாபீஸில் கேட்டுக்கொண்டேன். இதை முழுசாகப் படித்து முடிக்கும்வரை அந்த ராஜினாமாவை யாரிடமும் நீட்டாதே.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று நாக்கு சுளுக்கிக்கொள்கிற அந்தப் பேரை டாக்டரம்மா முதல்முதலாகச் சொன்ன அன்று நீ சின்னப் பெண். உன் தம்பியோடு கூடவே பிறந்த நோய், சளி பசை மாதிரி கெட்டியாகி நெஞ்சுக்குள் ஒட்டிக்கொள்ளும், தினமும் முதுகிலும் விலாவிலும் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது நானும் அப்பாவும் திருதிருவென்று விழித்தோம், நீதான் கையைக் கிண்ணம் மாதிரி குவித்து இப்படியா டாக்டர் என்று கேட்டாய். முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கிறது என்று அவனுக்கு உப்புமூட்டை என்று பேர் வைத்ததும் நீதான். அன்றிலிருந்து நீ ஊருக்குப் போகிறவரை காலை நேரத் தட்டல் உன் இலாகா. நீ சும்மாவா தட்டுவாய், டாக்டரம்மா மாதிரி பேசுவாய், என்னை மாதிரி தையல் வாடிக்கையாளரிடம் சண்டை போட்டுக் காட்டுவாய், அவன் சிரிப்பான், சிரிப்பு இருமலாகும், இருமலில் சளி வெளியே வந்து விழும். நீ போன பிறகு அந்த இலாகாவை நான் எடுத்துக்கொண்டேன். என் நிர்வாகம்தான் உனக்குத் தெரியுமே. அலாரம் அடித்ததும் குப்புறப் படு, திரும்பு, மூச்சை இழு, விடு. அவனும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பலகை மாதிரிப் படுத்திருந்துவிட்டு எழுந்து போவான். சளி மட்டும் வராது. டாக்டரம்மாவின் எடை மெஷினுக்கு முன்னால் என் தையல் டேப் சொல்லிவிட்டது, அவன் சட்டை மார்பில் தொளதொளவென்று ஆகிவிட்டது. பிறகு ஊதிப் பார்க்கிற பரிசோதனையில் எண் இறங்கியது, இன்னும் எறங்கினா ஆஸ்பத்திரியில சேத்து நரம்புல மருந்து ஏத்த வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இதுவரைக்கும் உனக்குத் தெரியும், இதைக் கேட்டுத்தான் நீ ராஜினாமா எழுதினாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அடுத்த பரிசோதனை முடியட்டும், அவசரப்பட்டு வாயை விட வேண்டாம் என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். நேற்று அது முடிந்தது.

ஆனால் முதலில் அப்பா செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு அப்பா பஸ்ஸில் பயணியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நாள் முழுக்க ஓட்டின களைப்பு, கண் சொருகிவிட்டது. முன் சீட்டில் ஒரு பெரிய மனிதர், நல்ல ஆகிருதி, சலவை மடிப்புக் கலையாத சட்டை, லொக் லொக்கென்று இருமியிருக்கிறார். உன் அப்பாவுக்கு இருமல் காதில் விழுந்தால் போதுமே, மூளையைக் கேட்டுக்கொண்டா கை வேலை செய்யும். இரண்டு கையையும் குவித்து அந்த மனிதரின் முதுகில் டப் டப் டப்பென்று தட்ட ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நிற்கிறார். அந்த மனிதர் மெதுவாகத் திரும்பி, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அப்பா பாதித் தூக்கத்தில், தெரியாதுங்க, கொஞ்சம் குனிஞ்சு உக்காருங்க, இன்னும் நாலு தட்டு தட்டினா வந்துரும் என்றிருக்கிறார். அதைவிடக் கூத்து, அவரும் குனிந்து உட்கார்ந்தாராம். இறங்கும்போது, ரொம்ப லேசா இருக்குங்க, நாளைக்கும் இதே பஸ்ஸா என்று கேட்டுவிட்டுப் போனாராம். யார் என்ன என்று இன்றுவரை தெரியாது.

இதை அப்பா மறுநாள் காலையில் வந்து சொன்னார். உன் அப்பா கதை சொல்லும் லட்சணம் உனக்குத் தெரியாததா, டிப்போவில் விபத்து அறிக்கை கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, முடிவை முதலில் சொல்லிவிட்டு, முன்னால் நடந்ததைப் பின்னால் தேடிக்கொண்டு வருவார். நான் உன் தம்பி முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறேன், இவர் வாசற்படியில் நின்று, நேத்து ஒருத்தர் முதுகுல தட்டிட்டேன், தப்பு என் பேர்லதான் என்று ஆரம்பித்தார். தலையணைக்குள்ளிருந்து ஒரு குலுங்கல். அப்பா சீரியஸாக, சிரிக்காதடா, அவரு பெரிய ஆபீஸரா இருந்தா என் வேலைக்கே ஆபத்து என்றார். அவ்வளவுதான். சிரித்தான் சிரித்தான், கட்டிலே ஆடியது, சிரிப்பு இருமலாகி, இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, எத்தனையோ வாரமாக வராதது எல்லாம் கிண்ணத்தில் வந்து விழுந்தது. நானும் அப்பாவும் அந்தக் கிண்ணத்தை ஏதோ நகைப்பெட்டி போல ஆளுக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் இந்தக் குடும்பத்துக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதிலிருந்து அப்பாவுக்குப் புது உத்தியோகம், தினமும் பஸ்ஸிலிருந்து ஒரு கதை கொண்டுவர வேண்டும். ஒன்றும் நடக்காத நாளில் மனிதர் முகம் வாடிவிடுகிறது, இன்னிக்கு எல்லாரும் ஒழுங்கா டிக்கெட் எடுத்தாங்க, என்னத்த சொல்றது என்று வருத்தப்படுகிறார், அதற்கும் அவன் சிரிக்கிறான். விடியற்காலை டூட்டி இருக்கும் நாட்களில் அப்பாவுக்குப் பதில் யார் வருகிறார்கள் தெரியுமா, மாடி வீட்டுக் கணக்கு டீச்சர். காலங்காத்தால என்னம்மா துணி தொவைக்கிற சத்தம் என்று கீழே சண்டைக்கு வருவாரே, அவரேதான். ஒருநாள் சண்டை போட வந்தவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். அப்படியே மாடிக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஜலதோஷம் எதுவும் இல்லை என்று தானாகவே அறிவித்துவிட்டு வந்து நின்றார். பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே தாளத்துக்குத் தட்டுகிறார், நடுவில் நிறுத்தி அடுத்தது என்ன என்று அவனைக் கேட்கிறார், அவன் தப்பாகச் சொன்னால் தட்டு கொஞ்சம் பலமாக விழுகிறது. அவன் எங்களுக்கெல்லாம் மார்க் போட்டிருக்கிறான். அப்பா தட்டுவது வேகத்தடையில் பஸ் ஏறி இறங்குவது போலவாம், டீச்சர் தட்டுவது பரீட்சை போலவாம், நான் தட்டுவது வராத பாக்கியை வசூல் பண்ணுவது போலவாம். இருக்கட்டும், வசூல் ஆனால் சரி.

அவன் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாயே. தண்ணீர் ஆபீஸில் போனில் புகார் கேட்கும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம், தூசி இல்லை, கூட்டம் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எரிந்து விழுகிறவர்கள் இவன் நடுவில் இருமுவதைக் கேட்டு, தம்பி, மொதல்ல நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க என்கிறார்களாம், உங்க வீட்டுலதான் இல்லையே சார் என்பானாம் இவன். சாப்பாட்டு மேஜையில்தான் தினமும் போராட்டம். அவனுக்குக் கொழுப்புச் சத்து இரட்டிப்பாகப் போக வேண்டும், அப்பாவுக்குக் கொழுப்பு அறவே கூடாது என்று இன்னொரு டாக்டர். அவன் சீரண மாத்திரையைக் கடகடவென்று விழுங்கிவிட்டு முட்டை, பாலாடை, வெண்ணெய் என்று வெளுத்துக் கட்டுகிறான், அப்பா வேகவைத்த காயை வைத்துக்கொண்டு அவன் தட்டையே பார்க்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு துண்டு இடம் மாறிவிடுகிறது. இருவருக்கும் நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு. போன வாரம் அவனுடைய நீலச் சட்டை மார்பில் பிடிக்கிறது என்றான். அவன் சட்டைகளுக்கு மட்டும் நான் உள்ளே துணி தாராளமாக விட்டுத்தான் தைப்பேன், எப்போதாவது உடம்பு வைத்தால் பிரித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. இதுவரை பிரித்ததே இல்லை. போன வாரம் பிரித்தேன். பிரிக்கும்போது அழுகை வந்து தையல் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது, தொழிலில் எனக்கு அது பெரிய அவமானம், யாரிடமும் சொல்லாதே.

இப்போது நேற்றைய கதை. குழாயில் வாயை வைத்து அவன் மூச்சை இழுத்தான், நானும் இழுத்தேன், அப்பாவும் இழுத்தார். ஊது, ஊது, இன்னும், இன்னும் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டிருக்கிறோம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் மொதல்ல வெளியில போங்க, உங்களப் பாத்தா அவன் சிரிச்சுடுவான், எண்ணு தப்பா வரும் என்று கதவைச் சாத்திவிட்டார். பிறகு கூப்பிட்டுச் சொன்னார், எண் ஏறியிருக்கிறது. நீ இருந்தபோது இருந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி, ஆனால் ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம். மருந்தெல்லாம் அதேதானே, வீட்டுல புதுசா என்ன பண்ணீங்க என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, பஸ்ல ஒருத்தர் முதுகுல தட்டிட்டேன் டாக்டர் என்றார்.

நோய் போய்விட்டது என்று சொல்லவில்லை, அது போகாது. நம் வீட்டில் அதற்கும் ஒரு நாற்காலி உண்டு என்று நான் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டேன். நாளைக்கே எண் மறுபடி இறங்கலாம், இறங்கினால் ஆஸ்பத்திரி, மறுபடி ஏற்றுவோம். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. நீ வருவதாகச் சொன்னது அவனுக்கு எட்டிவிட்டது, நான்தான் சொன்னேனே, நம் வீட்டுச் சுவருக்குக் காது தேவையில்லை, அவன் காதே போதும். இன்று காலையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினான். அக்கா எனக்காக வேலைய விட்டுட்டு வந்துட்டான்னா, அப்புறம் நான் ஒவ்வொரு தடவ இருமும்போதும் அவகிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரியே இருக்கும்மா, நான் நிம்மதியா இருமணும்மா என்றான். நான் தட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் அழுவது அவனுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் சொல்கிறேன், வராதே. உன்னை விரட்டுகிறேன் என்று நினைக்காதே. நீ வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, அதுதான் எனக்குப் பயமே. பெட்டியோடு வாசலில் வந்து நின்றாயானால் திரும்பிப் போ என்று சொல்ல என் வாய்க்கு வராது, உன்னை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிவிடுவேன், அதனால்தான் தைரியம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். லிஃப்ட் கம்பெனியில் அத்தனை ஆண்களுக்கு நடுவே நீ ஒருத்தி பெரிய பெரிய கட்டிடத்தில் லிஃப்ட் பொருத்துகிறாய் என்று அப்பாவுக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமா, எந்த லிஃப்டில் கால் வைத்தாலும், இது எங்க பெரியவ கம்பெனியா என்று கேட்காமல் ஏறுவதில்லை. அதையும் கெடுக்காதே. இன்னொன்று, போனில் பேசும்போது நீ சிரித்து ரொம்ப நாளாகிறது. இங்கே இவனைச் சிரிக்க வைக்க இத்தனை பேர் இருக்கிறோம், அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள். தினமும் காலைத் தட்டலின்போது போனில் வந்துவிடு, அப்பா உங்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்லட்டும், அவனுக்குச் சளி வரட்டும், உனக்குச் சிரிப்பு வரட்டும்.

தனியாக இருக்கிறோம் என்று பயப்படாதே, குளிரில் காதை மூடிக்கொள், லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இடுப்புக் கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், நீ நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட ஆயுசோடு நன்றாக இருப்பாய். அந்த ராஜினாமாவை இன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டு அவனுக்குச் சொல்லிவிடு, அவன் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான். லீவு கிடைக்கும்போது கட்டாயம் வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வா. வாசலிலேயே அதை வாங்கி உன் தம்பியிடம் கொடுத்துவிடுவேன், என்னை நம்பி என்னிடம் விட்டுவைக்காதே.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா