ராத்தா ரோட்டைக் கடந்தது

வியாழக்கிழமை, இரவு.

இன்று கண்டது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

லொறி இடித்துக் கால் முறிந்த பிறகு, என் மூத்த சகோதரியான ராத்தா புத்தளம் டவுன் ரோட்டில் தனியாகக் கால் வைத்ததே இல்லை. சந்தைக்கும் ஓட்டோதான். இப்போது அங்கே அகலமான நடைபாதையும், அதை ஒட்டி சைக்கிளுக்குத் தனிப் பாதையும், ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஆட்கள் ரோட்டைக் கடக்க உயர்த்திக் கட்டிய மஞ்சள் கடவையும் போட்டிருக்கிறார்கள். மாலை அஸர் தொழுதுவிட்டு ஊன்றுகோலை எடுத்தவள், "வா, பாத்துட்டு வருவம்" என்றாள்.

கடவைக்கு வந்ததும் என் கையை விலக்கினாள்.

"நீ இங்க நில்லு. நான் தனியப் போறன்."

"ராத்தா, லொறி வருது."

"வரட்டும். நிக்குதா பாப்பம்."

ஊன்றுகோலை முன்னே வைத்தாள். உப்பு மூட்டை ஏற்றிய லொறி நின்றது. அதன் பின்னால் கொழும்பு பஸ் நின்றது. எதிரே வந்தவையும் நின்றன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அந்த ரோட்டில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

அந்தப் பக்கம் ஏறியதும் திரும்பி, "நீ வீட்ட போ. நான் நடந்துட்டு வாறன்" என்றாள்.

கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கமாக நடந்தாள். சைக்கிள்கள் தங்கள் பாதையில் அவளுக்குப் பக்கத்தால் போய்க்கொண்டேயிருந்தன. அவள் ஒரு தடவைகூட ஒதுங்கி நிற்கவில்லை.