சுண்ணாம்பைக் கழுவிட்டு வாங்க

பரிதி அப்பா,

"மரணம் வந்தால் மாலை போட்டு வரவேற்போம்" என்று நேத்து கீழ்வேளூர் இரங்கல் கூட்டத்தில் முழங்கினீங்க. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அக்குளில் கட்டி தட்டுப்பட்டதும் என் முந்தானையை விடவே இல்லை.

வரப்பு வெட்டும்போது கையில் பட்ட கீறலுக்கும் நெறி கட்டுமாம். சவரம் பண்ணின புண்ணாலும் வருமாம். போனில் தேடினப்போ அது சொன்ன இன்னொரு காரணத்தை எழுத எனக்குக் கை வரலை.

திருவாரூர் பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட முதல் பஸ்ஸில் போறேன். பழையது சட்டியில் இருக்கு. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துட்டு, கட்டி மேல அப்பின சுண்ணாம்பைக் கழுவிட்டு வாங்க. டாக்டர் திட்டுவார். நேத்து நீங்க அதை அப்பினப்போ நான் கத்தினதும் அதுக்குத்தான்.

அம்சம்

இன்னொண்ணு: ரெண்டு சீட்டாப் போடறேன். எனக்கும் இடது அக்குளில் ஒரு கட்டி இருக்கு, நடவுக்கு முன்னாலிருந்தே. நானும் சுண்ணாம்புதான் தடவிட்டிருக்கேன்.