போர்டின் பெயரை வெட்டிவிட்டார்கள், மாப்பிள்ளை

என் பிரியமான மாப்பிள்ளை முரளிக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு உன் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது?

நம் ஒரகடம் ஆபீசில் மெஷினை இயக்கும் போர்டுகளுக்குப் புரோகிராம் செய்து தரும் கம்பைலர் பேக்கேஜ்களுக்கு நீ வைத்த பெயர்கள் நினைவிருக்கிறதா? அது ஓடப்போவது விண்டோஸிலா லினக்ஸிலா, புரோகிராம் செய்து தரப்போவது பழைய மெஷின் போர்டுக்கா புதியதுக்கா, இரண்டையும் எழுதாமல் எதையும் வெளியே விடமாட்டாய். ரயில் மாதிரி நீளுகிறது என்று நானே உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

போன வாரம் மேனேஜர் வந்து, "பேரு இன்னா இம்மாம் நீளமா கீது? கஸ்டமர் சிரிக்கிறான்பா. விண்டோஸ், லினக்ஸ்னு மட்டும் போடு, போதும்" என்றார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. போர்டின் பெயர் போய்விட்டது. பழைய போர்டுக்கும் புதிய போர்டுக்குமான விண்டோஸ் பேக்கேஜ்கள் இரண்டும் ஒரே பெயரில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனிக்குப் போய்விட்டன.

மாற்றிப் போட்டால் எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை. வராது. புரோகிராம் ஏறும், விளக்கு எரியும், பிரஸ் ஓடும். உள்ளே கை வந்ததைச் சொல்லும் சென்சாரை மட்டும் போர்டின் வேறு பின்னில், தப்பான இணைப்பில், தேடிக்கொண்டிருக்கும். கை இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அந்த பிரஸ்ஸில்தான் நம் செல்வி நிற்கிறாள். ஆமாம், உன் பெண்டாட்டி, என் தங்கை. நீ போன பிறகு வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிறாள். நாளைக்கு அவள் லைனில் புதிய போர்டு மாட்டுகிறார்கள்.

இங்கே இரண்டையும் திறந்து திறந்து பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே அவர்கள் கணினியில் ஒரே பெயர் என்பதால் ஒன்றை ஒன்று அழித்து, எது மிஞ்சியதோ? யார் பார்த்தார்கள்?

சாயங்காலம் செல்விக்குப் போன் செய்தேன். "நீயும் அவரும் செஞ்சதுதானேண்ணா, இன்னாத்துக்குப் பயப்படுற? நான் கண்ண மூடிகினு கை வெப்பேன்" என்றாள். அவளுடைய அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். நீ இருந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பாய்?

உன் நீளப் பெயர்களையே திரும்ப வைத்து இப்போதுதான் அனுப்பினேன். மேனேஜர் கத்தினால் கத்தட்டும். காலையில் ஷிஃப்ட் மாறும் முன்பே அவர்கள் கேட்டில் நிற்பேன். பிரஸ்ஸுக்குள் கைக்குப் பதில் முதலில் துடைப்பக்கட்டை போகும். கட்டையைக் கண்டு பிரஸ் நிற்பதை நான் பார்த்த பிறகுதான் செல்வி பக்கத்தில் வருவாள். உடைந்தால் கட்டை உடையட்டும், மாப்பிள்ளை. அவள் கையை நான் விடமாட்டேன்.

உன் மச்சான்,
குமரன்