மந்தம் நான் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? நான் நலம். நலம் என்றால், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நலம். பயப்படாதே.

சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே தூங்கி விழுந்துவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா எல்லார் முன்னாலும், "நீ சரியான மந்தம்டி" என்றார். நீயும் அதைச் சொல்லித்தானே வளர்த்தாய். டாக்டரோ ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "தைராய்டுதாம்மா மந்தமா வேலை செய்யுது" என்றார். மறுநாளே அக்காவிடம் போய், "மந்தம் நான் இல்லக்கா, கழுத்துல இருக்கிற சுரப்பி" என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில் போடுகிறேன். "ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடு" என்கிற உன் சட்டம் இதற்குச் செல்லாது. பொரித்ததை விட்டேன், காயும் முட்டையும் நானே சமைக்கிறேன். லிஃப்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். மூச்சு வாங்கினாலும் படிதான். உடம்பு சொன்னதை நான் கேட்டது போதும், இனி நான் சொல்வதை அது கேட்கட்டும். வேலையை விட்டுவிட்டு வா என்று மட்டும் சொல்லாதே. வரமாட்டேன்.

இந்த நோய் வந்தால் குளிர் தாங்காதாம். போர்த்திக்கொள்ள உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. துவைத்து அனுப்பிவிடாதே. ஊரார் துணியைத் துவைத்துத்தான் இங்கே பிழைக்கிறேன். சோப்பு வாசனை இல்லாமல் ஒன்றாவது இருக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. நீ மந்தம் என்று சொல்லி வளர்த்த மகள் படியேறி ஓடுகிறாள்.